ரோலிங் கோட்: உருள் குறியீடா, படியேறு குறியீடா?

அன்புடையீர், வணக்கம்.

ரிமோட்டை அழுத்தும் ஒவ்வொரு முறையும் மாறும் குறியீட்டை ஆங்கிலத்தில் ரோலிங் கோட் என்கிறார்கள். அதற்குத் தமிழில் உருள் குறியீடு, சுழல் குறியீடு, தாவு குறியீடு, ஒருமுறைக் குறியீடு ஆகிய நான்கு சொற்களை முன்வைத்திருக்கிறீர்கள். அவற்றை எடைபோடுவதற்கு முன், இந்தச் சொல் எங்கள் வீட்டு வாசலில் எப்படித் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டுக்கு மோட்டார் பொருத்திய ரோலிங் ஷட்டர் இருக்கிறது. இரண்டு ரிமோட்டுகளில் ஒன்று என்னிடம் இருக்கும்; மற்றது மகளின் கைப்பையில், சாவிக்கொத்தோடு கிடக்கும். அவள் வெளியூர் போய்த் திரும்பும் நாள்களில் மட்டும், ஒருமுறை அழுத்தினால் ஷட்டர் அசையாது. மறுபடி அழுத்தினால் ஏறிவிடும். பிறகு நாள்கணக்கில் ஒரு குறையும் தெரியாது. பேட்டரிதான் காரணம் என்று எண்ணி, ரிச்சி தெருவில் சிஆர்2032 ஒன்று வாங்கிப் போட்டேன். தகட்டில் உப்புக்காற்றால் படிந்திருந்த பச்சைக் களிம்பையும் ரப்பரால் தேய்த்து எடுத்தேன். அடுத்த பயணம் முடிந்து வந்ததும் அதே குறை. சுவரிலுள்ள சுவிட்ச் வேலை செய்ததால் மோட்டாரில் பழுதில்லை. என் ரிமோட் ஒருநாளும் தவறாததால், ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவரிலும் பழுதில்லை.

மோட்டாருடன் வந்த தமிழ்க் கையேட்டில் "உருளும் குறியீடு விலகினால் மீண்டும் அழுத்தவும்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்த பக்கத்து வீட்டுப் பெரியவர், உருள்வது ஷட்டர்தானே, அது தடத்தை விட்டு விலகியிருக்கும் என்று சொல்லி, அரைநாள் செலவழித்து இருபக்கத் தடங்களுக்கும் கிரீஸ் தடவிக் கொடுத்தார். அவர்மீது தவறில்லை. ரோலிங் ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு உருள் என்ற சொல்லைக் கேட்கும் எவரும் ஷட்டரைத்தான் பார்ப்பார். உருள் குறியீட்டை நான் மறுப்பதற்கு இதுவே முதற்காரணம்.

உண்மையில் நடந்தது இதுதான். பழைய ரிமோட்டுகளில் சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஒரே குறியீட்டை அமைத்து வைப்பார்கள். எட்டு சுவிட்சுகள் என்றால் 256 சேர்க்கைகள்தாம். காற்றில் வரும் அந்தச் சமிக்ஞையை ஒருவன் பதிவுசெய்து திரும்ப அனுப்பினால் கதவு திறந்துவிடும். இதைத் தடுக்கவே, அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதிய குறியீடு செல்லும் முறை வந்தது. 1980களின் நடுவில் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995இல் மைக்ரோசிப் நிறுவனத்தின் கைக்கு வந்த கீலாக் (KeeLoq) என்னும் முறை இவ்வகையில் பரவலானது. ரிமோட்டுக்குள் ஓர் எண்ணி (கவுண்டர்) இருக்கிறது. ஒவ்வோர் அழுத்தலுக்கும் அது ஒன்று கூடும். அந்த எண் மறையாக்கம் செய்யப்பட்டு அனுப்பப்படும். ரிசீவர் தான் கடைசியாக ஏற்ற எண்ணை நினைவில் வைத்திருக்கும். கீலாக் முறையில், புதிய எண் அதைவிட 16 வரை முன்னால் இருந்தால் கதவு உடனே திறக்கும். அதற்கும் மேலே, ஆனால் ஏறத்தாழ 32,000க்குள் இருந்தால், அடுத்தடுத்த இரண்டு எண்கள் வந்தால்தான் ரிசீவர் நம்பும். பின்தங்கிய எண்ணை ஏற்கவே ஏற்காது. கைப்பையில் சாவி உரசி உரசி, ரயிலில் எத்தனை முறை பொத்தான் அமுங்கியதோ, அத்தனை எண்கள் ஏறியிருக்கின்றன. இரண்டாவது அழுத்தலில் ஷட்டர் ஏறியதன் காரணம் இதுதான்.

இப்போது மற்ற மூன்று சொற்களுக்கு வருகிறேன். சுழல்வது தொடங்கிய இடத்துக்கே திரும்பும். 16 பிட் எண்ணியும் 65,536 அழுத்தல்களுக்குப் பின் திரும்பத்தான் செய்யும். ஆனால் நாளுக்குப் பத்துமுறை அழுத்தினாலும் அதற்கு ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆகும். திரும்பி வராததே இதன் பாதுகாப்பு என்னும்போது, திரும்பி வருவதைப் பெயரில் வைப்பது முறையன்று. ஒருமுறைக் குறியீடு எளிய சொல்தான். வங்கியிலிருந்து வரும் ஓடிபி நமக்குப் பழக்கமானது. ஆயினும் முந்துதல், பின்தங்குதல் என்ற வரிசையை அது சொல்வதில்லை. தாவு குறியீடுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. வெளியிலிருந்து ஒட்டுக்கேட்பவனுக்குக் குறியீடு தாவுவதாகவே தெரியும்; அந்த வகையில் அது துல்லியமான சொல். ஆனால் நாம் பெயரிடுவது ஒட்டுக்கேட்பவனுக்காக அன்று, வாசலில் ரிமோட்டோடு நிற்பவருக்காக. அவருக்குத் தெரிய வேண்டியது உள்ளே ஒழுங்காக ஒவ்வொன்றாக ஏறும் எண்.

ஆகவே படியேறு குறியீடு என்ற சொல்லை முன்மொழிகிறேன். வினைத்தொகை ஆதலால் ஏறிய, ஏறுகின்ற, ஏறும் என முக்காலமும் அதில் அடங்கும், வல்லொற்றும் மிகாது. ஷட்டர் பழுதுபார்க்க வந்தவரிடம் இச்சொல்லைச் சொல்லி, வேறெதுவும் விளக்காமல் நிறுத்தினேன். "அப்படின்னா ரிமோட் மேல ஏறிப்போச்சு, ரிசீவர் கீழயே நிக்குது, அதானே சார்?" என்றார். சுவிட்ச் வைத்த பழைய வகையை நிலைக் குறியீடு எனலாம். ரிமோட், ரிசீவர் இரண்டின் எண்களும் பிரிந்துபோவதைப் படிவிலகல் எனலாம்.

ஓர் இடர்ப்பாடு உண்டு. படி என்பதற்கு நகல் என்ற பொருளும் இருப்பதால், ரிமோட்டைப் படியெடுத்தல் என்று எழுதும் இடத்தில் குழப்பம் வரலாம். அங்கே நகலெடுத்தல் என்றே எழுதிவிடலாம் என்பது என் எண்ணம். புதிய ரிமோட்டைச் சேர்க்க ரிசீவரில் அழுத்தும் லேர்ன் பட்டன் என்பதற்குக் கற்றல் பொத்தான் என்பதும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ரிசீவர் அங்கே எதையும் கற்பதில்லை. புதிய ரிமோட் ஒன்று அதற்கு அறிமுகமாகிறது. அறிமுகப் பொத்தான் என்பது பொருந்துமா என்று சொல்லுங்கள்.