சைனஸ் சிடி ரிப்போர்ட்டில் "எலும்பு தடித்துள்ளது" என்று வந்திருக்கிறது, மறுபடி ஆபரேஷன் செய்து பலன் இருக்குமா?

முதுநகர்_தம்பி:
அண்ணனுக்காகக் கேட்கிறேன். மூக்கில் சதை வளர்ந்து சில வருடம் முன்பு எண்டோஸ்கோப்பி ஆபரேஷன் ஆனது. கொஞ்ச நாள் நன்றாக இருந்தார், அப்புறம் பழையபடி அடைப்பு, நெற்றியில் பாரம், தொண்டையில் சளி இறங்குவது எல்லாம் வந்துவிட்டது. முதுநகர் மீன் மார்க்கெட்டுக்குள் நின்றாலும் அவருக்கு ஒரு வாசனையும் தெரியாது. இப்போது எடுத்த சிடியில் இரண்டு பக்கமும் சைனஸ் சுவர் தடித்து இறுகியிருக்கிறது, ஆஸ்டியைட்டிஸ் (எலும்பு அழற்சி) இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் மறுபடி ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் எலும்புக்கே போய்விட்டது, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஊசி போடணும் என்கிறார். வீட்டில் அம்மா எலும்பு அரித்துவிட்டது என்றே முடிவு கட்டி அழுகிறார். யாரைக் கேட்பது?

மஞ்சக்குப்பம்_மாமா:
நொச்சி போட்டு ஆவி பிடிக்கச் சொல்லுங்கள், என் சைனஸ் அதில்தான் போனது.

கோரிமேடு_இஎன்டி:
மாமா, ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் லேசாக இருக்கும், தடித்த எலும்புக்கு அது ஒன்றும் செய்யாது.

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், எலும்பு அரிக்கவில்லை, அதற்கு நேர்மாறாக அதிகமாக வளர்ந்திருக்கிறது. சைனஸின் உள்சவ்வு மாதக்கணக்கில் புண்ணாகவே இருந்தால் அதை ஒட்டிய எலும்பும் எரிச்சலாகி, புது எலும்பைப் போட்டுத் தடித்துக்கொள்ளும். கால் எலும்பில் மஜ்ஜைக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிக்கும் ஆஸ்டியோமைலைட்டிஸ் வேறு நோய். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் எத்மாய்டு எலும்பு காகிதம் மாதிரி மெல்லியது, அதில் மஜ்ஜையே கிடையாது. அதனால் இந்த ஒரு வரியை வைத்து வாரக்கணக்கில் ஊசி போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

சுவரின் தடிப்பையும் பரவலையும் வைத்து பத்து சைனஸில் ஒவ்வொன்றுக்கும் 5 வரை, மொத்தம் 50 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று இருக்கிறது. மதிப்பெண் ஏற ஏற நோய் பிடிவாதமானது என்று அர்த்தம். ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்களிடமும், ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு கூடியவர்களிடமும் இது அதிகம். ஆனால் நோயாளி சொல்லும் தொந்தரவு இந்த மதிப்பெண்ணோடு சேர்ந்து ஏறுவதில்லை. எலும்பு தடித்தவர்களுக்கும் ஆபரேஷனுக்குப் பின் அடைப்பும் பாரமும் குறையத்தான் செய்கின்றன. எண்டோஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே ஆறுவது சுமாராக இருக்கலாம், நோய் திரும்பும் வாய்ப்பும் கூடுதல். வாசனை திரும்பும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

லாஸ்பேட்டை_அக்கா:
எனக்கும் இதே ரிப்போர்ட்தான், இரண்டாவது ஆபரேஷனும் ஆயிற்று. ஆபரேஷனை விட அப்புறம் தினமும் கழுவுவதுதான் வேலை. காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பும் துளி சமையல் சோடாவும் கலந்து, வாஷ்பேசினில் குனிந்து, ஒரு பக்கம் ஊற்றினால் மறு பக்கம் பச்சையாக ஒரு கட்டி வந்து விழும், அன்றைக்கெல்லாம் தலை லேசாக இருக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், கேரளாவில் மூளை தின்னும் அமீபா செய்தி பார்த்திருப்பீர்கள்.

முதுநகர்_தம்பி:
நன்றி அக்கா. சார், அப்போ இந்தத் தடித்த எலும்பைச் செதுக்கி எடுப்பார்களா?

கோரிமேடு_இஎன்டி:
வழியை அடைக்கும் எலும்பையும், உள்ளே விட்டுப்போன சிறு அறைகளின் தடுப்புகளையும் எடுப்பார்கள். மற்றபடி சவ்வை உரித்து எலும்பை வெறுமையாக விட்டால் அது இன்னும் தடிக்கும். ஆபரேஷனே பெரும்பாலும் மருந்து உள்ளே போக வழி திறக்கத்தான். அதன்பின் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும், தேவைப்பட்டால் கழுவும் நீரிலேயே புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தும் நீண்ட நாள் போக வேண்டும், அக்கா சொன்னது சரி. அவ்வளவுக்கும் சதை திரும்பினால் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞையைத் தடுக்கும் டுபிலுமாப் ஊசி இருக்கிறது, விலைதான் கையைக் கடிக்கும்.

ஒரே பக்கம் மட்டும் தடித்திருந்தால் மேல்பல் வேர், பூஞ்சைக் கட்டி, பாப்பிலோமா என்ற சதைக்கட்டி இவற்றைத் தேடச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு இரண்டு பக்கமும் என்பதால் ஈசினோஃபில், ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை இருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சலோடு நெற்றி வீங்கினாலோ, கண் வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ ஓபி நாளுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஜிப்மர் ஓபிக்கு வருவதானால் பழைய சிடி பிளேட், டிஸ்சார்ஜ் சம்மரி, அப்போது எடுத்த சதையின் பயாப்ஸி ரிப்போர்ட் மூன்றையும் எடுத்து வாருங்கள்.