பூனைக்கு பெல்ட் மாட்டி வெளிய கூட்டிட்டு போறவங்க யாராவது இருக்கீங்களா? முத்து மாட்டினதும் சாஞ்சுடுறான்

மூணாவதுமாடி_முத்து:

எல்லாருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்துல மூணாவது மாடி ஃபிளாட் எங்களது. முத்துன்னு ஒரு நாட்டுப்பூனை, ரெண்டு வயசு, ஆண், கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு. ஒரு மழை நாள்ல கார் பானெட்டுக்குள்ள கத்திட்டு இருந்த குட்டிய எடுத்துட்டு வந்தோம், அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட போறத தவிர அவன் வெளிய போனதே கிடையாது. இப்ப ஒரு மூணு மாசமா விடியகாலைல பால்கனி கிரில்ல மூஞ்சிய அழுத்தி வெச்சுக்கிட்டு புறாவ பாத்து தாடை நடுங்க கெக் கெக்னு ஒரு சத்தம் போடுறான், அது முடிஞ்சா வாசக்கதவுகிட்ட வந்து உக்காந்து கத்துறான், பாக்கவே பாவமா இருக்கு.

ஆன்லைன்ல ஹார்னஸ் ஒண்ணு வாங்கினேன், ஜாக்கெட் மாதிரி வயித்த சுத்தி வர்றது. மாட்டின உடனே பொத்துன்னு ஒரு பக்கமா சாஞ்சுட்டான், தூக்கி நிறுத்தினா மறுபடியும் சாயுறான், அம்மா கை கால் இழுத்துக்கிச்சோன்னு பயந்து அழவே ஆரம்பிச்சுட்டாங்க. கழட்டினதும் எழுந்து நேரா சாப்பாட்டு தட்டுக்கு போயிட்டான்! இது பழகுமா? கீழ தெருவுல நாலஞ்சு நாய் வேற இருக்கு. எதிர்வீட்டு மாமா பூனைய கயித்துல கட்டுறது பாவம்னு சொல்றார். அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கோவை_செண்பகம்:

பயப்படாதீங்க, அப்படி சாயுறது நிறைய பூனைக்கு நடக்கறதுதானுங்க. உடம்ப சுத்தி ஏதோ புடிச்ச மாதிரி இருந்தா அதுக்கு அசையத் தோணாது, வலியெல்லாம் இல்ல. நீங்க பண்ணின தப்பு மொத நாளே மாட்டினதுதான். எங்க மணிக்கு அஞ்சு வாரம் ஆச்சுங்க. மொத வாரம் முழுக்க ஹார்னஸ அவ சாப்பாட்டு தட்டு பக்கத்துல சும்மா போட்டு வெச்சிருந்தேன், மோந்து பாத்தா, மேல படுத்தா, அவ வாசம் அதுல ஏறிருச்சு. அப்புறம் வெல்க்ரோ. அத பிரிக்கும்போது கர்ர்ருனு வர்ற சத்தத்துக்கே மணி கட்டிலுக்கு அடியில ஓடிருவா, அதனால பக்கத்து ரூம்ல இருந்து பிரிச்சு பிரிச்சு ஒட்டி ஒவ்வொரு தடவையும் துளி நெத்திலி குடுத்து அந்த சத்தம் கேட்டாலே நெத்திலின்னு ஆக்கிட்டேன்.

அதுக்கு பின்னாடிதான் மாட்டினது, ஒரு நெத்திலி திங்கற நேரம்தான், உடனே கழட்டிடணும். மெல்ல மெல்ல நேரத்த கூட்டுங்க. வீட்டுக்குள்ள ஹார்னஸோட தாவி சோபா ஏற ஆரம்பிச்சா பாதி வேலை முடிஞ்சுதுன்னு வெச்சுக்கங்க, அப்ப கயித்த மாட்டி நீங்க பக்கத்துல இருக்கும்போது மட்டும் தரையில இழுத்துட்டு சுத்த விடுங்க, அதுக்கப்புறம்தான் கையில புடிக்கணும்.

பாவம்னு சொல்றவங்க நாய் மாதிரி இழுத்துட்டு போறத நினைச்சு சொல்றாங்க. பூனைய நம்ம கூட்டிட்டு போறதில்லைங்க, அது போற வழியில நம்ம போறது. மணி சில நாள் ஒரே செடிகிட்ட இருவது நிமிசம் உக்காந்துக்குவா, நானும் பக்கத்துலயே உக்காந்துக்குவேன். அவ்வளவுதான் வாக்கிங்கு.

முத்துநகர்_பரதன்:

அண்ணாச்சி, இத தயவுசெஞ்சு முழுசா படிங்க, என் தப்பு உங்களுக்கு நடக்கக் கூடாது. போன வருசம் எங்க குட்டிம்மாவ காலைல வீட்டு முன்னாடி விட்டிருந்தேன், கயிறு என் கையிலதான் இருந்துச்சு. பக்கத்து தெரு கல்யாண வீட்ல சரவெடிய போட்டாங்க. அவ பின்வாங்குனா, நான் பதறிப்போய் முன்னாடி நின்னு கயித்த இழுத்தேன். ரெண்டே செகண்டு, முன்னங்கால் ரெண்டையும் மடக்கி தலைய உள்ள இழுத்து பின்பக்கமா உருவிட்டு ஓடிட்டா. வெறும் ஹார்னஸ் மட்டும் என் கையில தொங்குது. பூனைக்கு கழுத்துப்பட்டை எலும்பு நம்மள மாதிரி மத்த எலும்போட சேந்து இருக்காது, சதையில மிதக்கும், அதனாலதான் தலை நுழையுற சந்துல உடம்பையும் நுழைச்சிரும்.

ரெண்டு ராத்திரி தேடுனோம், தெருத்தெருவா பேர சொல்லி கத்துனது எல்லாம் வீண். பயந்த வீட்டுப்பூனை தூரமா ஓடாது, கிட்டத்துலயே பதுங்கி கூப்ட்டாலும் குரல் குடுக்காம இருக்கும்னு அப்பதான் ஒருத்தர் சொன்னார். ராத்திரி ரெண்டு மணிக்கு தெரு அடங்கினப்புறம் நான் கட்டிப் பழசான லுங்கிய விரிச்சு மேல வறுத்த சாளைய வெச்சு சத்தமில்லாம உக்காந்தேன். நாலாவது வீட்டு தண்ணித்தொட்டிக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சாண் இடம், அங்க இருந்து வந்தா, உடம்பெல்லாம் ஒட்டடை.

அதனால சொல்லுதேன், பின்வாங்குனா இழுக்காதீங்க. கயித்த தளர்த்தி விட்டு நீங்க அது பக்கம் போங்க, முடிஞ்சா பின்பக்கம் போய் நில்லுங்க, கயிறு வால் பக்கத்துல இருந்து வந்தா அதால பின்பக்கமா உருவ முடியாது. நெஞ்சுச் சுத்தளவ முன்னங்காலுக்கு பின்னாடி வெச்சு அளந்து வாங்குங்க, மாட்டினப்புறம் ஒரு விரல், மிஞ்சிப்போனா ரெண்டு விரல் நுழையணும், அதுக்கு மேல போகக் கூடாது. வெளிய போறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ளயே பின்பக்கமா உருவுதான்னு பாத்துக்கங்க. தானா நீளுற சுருள் லீஷ் வேண்டவே வேண்டாம், கைய விட்டா அந்த பிளாஸ்டிக் டப்பா தரையில உரசிட்டே பின்னாடி துரத்தும், அதுக்கு பயந்தே பறந்துரும். தீபாவளி, கல்யாண சீசன் எல்லாம் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்.

ஊசிபோடும்_அக்கா:

கால்நடை கிளினிக்ல உதவியாளரா இருக்கேன். வெளிய கால் வெக்கறதுக்கு முன்னாடி ட்ரைகேட் ஊசியும் (பூனைக்கு வர்ற மூணு வைரஸ் நோய்க்கான தடுப்பூசி) ரேபிஸ் ஊசியும் போட்டு முடிஞ்சிருக்கணும். வெளிய போனா உண்ணி, தெள்ளுப்பூச்சி வரும், அதுக்கு மருந்து வாங்கும்போது நாய்க்கான சொட்டு மருந்த பூனைக்கு போட்டுடாதீங்க, அதுல நிறைய பிராண்டுல பெர்மெத்ரின்னு ஒரு பூச்சிமருந்து இருக்கும், பூனையோட ஈரலால அத சரியா உடைச்சு வெளியேத்த முடியாது, நடுக்கம் வந்து வலிப்பாகி செத்தே கூட போயிரும். வீட்ல நாயும் இருக்கு மிச்சத்த பூனைக்கு போட்டேன்னு தூக்கிட்டு வர்றவங்கள பாத்தா மனசு துடிக்குது.

இன்னொண்ணு, நாய பாத்து மிரண்ட பூனைய வெறுங்கையால தூக்கினா நம்மளையே கடிச்சிரும். தடியான துண்டு ஒண்ணு எப்பவும் தோள்ல இருக்கட்டும், அதால மூடி தூக்குங்க. கடிச்சாலோ பிராண்டினாலோ ஓடுற தண்ணில சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போயிடுங்க, நம்ம பூனைதானேன்னு இருந்துடாதீங்க.

சிங்கை_தமிழரசி:

நாங்க இங்க சிங்கப்பூர்ல எச்டிபி வீடு, அதாவது அரசாங்கம் கட்டின அடுக்குமாடி. 2024 செப்டம்பர்ல இருந்துதான் இங்க எச்டிபி வீட்ல பூனை வளக்க அனுமதியே, ரெண்டு பூனை வரைக்கும், தோலுக்கு அடியில அடையாள மைக்ரோசிப் போட்டு லைசென்ஸ் எடுக்கணும். ஜன்னல் எல்லாத்துக்கும் வலை அடிச்சு பால்கனில மரப்பலகையில படி மாதிரி கட்டிக் குடுத்தோம், எங்க பூனைக்கு அதுவே போதுமா இருக்கு. எல்லா பூனையும் வெளிய போக ஆசைப்படாது சகோ. வயித்த தரையோட ஒட்டி, காத மடக்கி, கண்ணு பூரா கருப்பா விரிஞ்சிருந்தா அது பயத்துல இருக்கு, திரும்பி வந்துடுங்க. வாலு நட்டுக்கிட்டு நுனி மட்டும் கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தா சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம்.

மூணாவதுமாடி_முத்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஆறு வாரம் கழிச்சு எழுதுறேன். செண்பகம் அக்கா சொன்ன மாதிரியே நெத்திலியோட ஆரம்பிச்சேன், நாலாவது வாரம்தான் ஹார்னஸோட நடந்தான். பரதன் அண்ணன் சொன்னத படிச்சுட்டு வீட்ல உருவிப் பாத்தேன், எங்க ஜாக்கெட் உருவிக்கிச்சு! ஒரு சைஸ் சின்னதா மாத்திட்டேன்.

தெருவுக்கு போகல, மொட்டை மாடிதான். அவனா வாசப்படி தாண்ட விடுறதில்ல, பையில வெச்சு தூக்கிட்டு போய் மாடிக்கதவ சாத்தினப்புறம்தான் இறக்குறேன், இல்லன்னா கதவு திறந்தாலே ஓடப் பழகிடுவான்னு தோணுச்சு. காலைல அஞ்சரை மணி, வெயில் ஏறிட்டா தளம் சுடும். கைப்பிடிச் சுவர்ல தாவிடாம இருக்க கயித்த குட்டையா புடிச்சுக்கறேன்.

நேத்து தண்ணி டேங்க் ஓரமா வெடிப்புல ஒரு குப்பைமேனி செடி முளைச்சிருந்துச்சு. அத புடுங்கி வேர அவன்கிட்ட நீட்டினேன். மோந்தான், கன்னத்த வெச்சு தேய்ச்சான், அப்படியே மல்லாந்து புரள ஆரம்பிச்சுட்டான். அதுக்கு பூனைவணங்கின்னு இன்னொரு பேரு இருக்குன்னு அம்மாதான் சொன்னாங்க. எதிர்வீட்டு மாமா துணி காயப்போட வந்தவர் பக்கெட்ட கீழ வெச்சுட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னார்.