மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டை ஏஐ வைத்துப் படிப்பவர்கள் உதவவும்

316எல் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளுக்கு, வேதிக்கலவையையும் சோதனை முடிவுகளையும் காட்டி மில் தரும் சர்டிஃபிகேட்டுகளின் ஸ்கேனை ஏஐ படித்து, ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் போடுகிறது. ஹீட் நம்பரில் (தகடு எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்பதற்கான எண்) ஓ-வும் பூஜ்யமும் மாறுவதை பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். தலைவலி வேறு இடத்தில்.

சில மில்கள் கார்பனை வெறும் "2" என்று அச்சிட்டு, "×100" என்பதைக் கட்டத்தின் தலையில் பொடி எழுத்தில் போடுகின்றன. அதாவது 0.02%. பக்கத்துக் கட்டத்தில் பாஸ்பரஸுக்கு ×1000. ஏஐ இரண்டையும் குழப்பி 0.002 என்று எழுதிவிடுகிறது. கார்பனுக்கு 0.030 என்ற உச்சவரம்பு மட்டும்தான், கீழ்வரம்பு கிடையாது. அதனால் தவறான எண் சோதனையில் சத்தமில்லாமல் தேறிவிடுகிறது. அச்சிட்ட எண், பெருக்கி, கணக்கிட்ட மதிப்பு மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் வைத்தால் போதுமா? 0.005-க்குக் கீழே வந்தால் ஆள் பார்க்கட்டும் என்று வைக்கலாமா?

இன்னொன்று: 316எல்லையும் அதற்கு இணையான ஐரோப்பிய கிரேடான 1.4404-ஐயும் ஒரே கிரேடாக இணைக்கக் கூடாது என்பது என் கருத்து. அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் ஏ240-இல் 316எல்லுக்கு மாலிப்டினம் 3% வரை போகலாம், 1.4404-க்கு 2.5%தான். இரண்டு கிரேடுக்கும் சேர்த்து இரட்டைச் சான்று வரும் தகட்டுக்கு உங்கள் டேபிள் அமைப்பு எப்படி? நீட்சி மதிப்போடு கேஜ் நீளத்தையும் (இழுக்கும் முன் குறித்த அளவு நீளம்) சேமிக்கிறீர்களா? மாதிரி ஸ்கீமா இருந்தால் பகிருங்கள்.