கூலன்ட் குறைகிறது, கீழே ஒரு சொட்டு இல்லை. ஆயிலும் கசிகிறது. இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

பழையவண்டி:

26 வருடம் ஓடிய பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், அலுமினிய ஹெட். பிரச்சினை இரண்டு.

முதலாவது கூலன்ட். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அரை லிட்டருக்கு மேல் வாங்கிக்கொள்கிறது. வண்டி நிற்கிற இடத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை, அட்டை விரித்துப் பார்த்துவிட்டேன். நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, வண்டி நகர்ந்தால் இறங்கிவிடுகிறது. புரியாத விஷயம் ஒன்று: பக்கத்தில் இருக்கும் ஓவர்ஃப்ளோ பாட்டிலில் மட்டும் அளவு குறைவதே இல்லை. சில நாள் விளிம்புவரை நிற்கிறது.

இரண்டாவது ஆயில். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கரிய பசையாக அப்பியிருக்கிறது. ஏற்றத்தில் ஏறி நிறுத்தினால் ஆயில் கருகிய வாடை.

ஒர்க்‌ஷாப்பில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போச்சு, கிராங்க் பின்பக்க ஆயில் சீலும் (கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போச்சு, இன்ஜினை இறக்கணும் என்றார்கள். ஆயில் மூடியைக் கழற்றி அதன் அடியில் இருந்த வெளிர்மஞ்சள் நுரையைக் காட்டி, கூலன்ட் ஆயிலில் கலக்கிறது, இதுதான் ஆதாரம் என்றார்கள். உண்மைதானா?

ஸ்பேனர்கை:

இருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்னதில் ஹெட் கேஸ்கெட் என்று விரல் நீட்டுகிற அடையாளம் இன்னும் எதுவும் இல்லை. மூடியடி நுரையை வைத்து முடிவு கட்டக்கூடாது. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் ஆயில் முழுச் சூடாவதே இல்லை. உள்ளே படிகிற ஈரம் ஆவியாகாமல் மூடியில் நுரையாக ஒட்டும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதிலும் பால் கலந்த மாதிரி இருந்தால்தான் கவலை.

எனக்கு இவை தெரிய வேண்டும். முள் ஏறும்போது ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா? காலையில் ஸ்டார்ட் செய்யும்முன் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் எப்படி இருக்கிறது? குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே அந்த ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா?

குறுக்குவழி:

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? கசிவு அடைக்கிற திரவம் ஒரு பாட்டில் ஊற்றுங்கள். சூட்டைப் பொறுத்துக் கூலன்ட்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள். என் வண்டி மூன்று வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

ஸ்பேனர்கை:

@குறுக்குவழி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த இரண்டையும் செய்த வண்டிகள் என் கைக்கு வந்திருக்கின்றன. அந்தத் திரவத்துக்கு ஓட்டை எது, ஹீட்டரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது. இரண்டையும் அடைக்கும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறவே நேரம் பிடிக்கும். அதுவரை பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். நடுக்காட்டில் மாட்டிக்கொண்டு வீடு சேர வழியில்லை என்றால் சரி, செய்யுங்கள். அதை மருந்து என்று சொல்லாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டின் மேல் சந்தேகம் இருந்தால் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். பல வண்டிகளில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். சரியான எண் அதிலேயே பொறித்திருக்கும். கொதித்த பிறகும் திறக்கவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

பழையவண்டி:

டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறது, பால் நிறம் இல்லை. நான் ஓட்டுவதும் பெரும்பாலும் குறுகிய தூரம்தான். ஸ்டார்ட் செய்ததும் ஹோஸ் இறுகவில்லை, மெதுவாகத்தான் இறுகுகிறது. ஆனால் காலையில் பார்த்தால் மேல் ஹோஸ் சப்பி எறிந்த ஸ்ட்ரா மாதிரி சப்பையாக ஒட்டிக்கிடக்கிறது! மூடியைத் தளர்த்தியதும் 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிட்டது. நெரிசலில் ஃபேன் ஓடவில்லை.

ஸ்பேனர்கை:

அந்தச் சப்பை ஹோஸ்தான் நான் தேடியது. மூடியைச் சந்தேகப்படுங்கள்.

ரேடியேட்டர் மூடி என்பது வெறும் மூடி இல்லை, அதில் இரண்டு வால்வு இருக்கிறது. பெரிய ஸ்பிரிங் உள்ளது அழுத்தத்தைப் பிடித்துவைக்கும். 0.9 பார் மூடி என்றால் அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அந்த லாபம் போய்விடும், கூலன்ட் சீக்கிரமே பாட்டிலுக்குத் தள்ளப்படும். நடுவில் இருக்கும் சின்னத் தட்டு அதற்கு நேரெதிர் வேலை செய்வது. இன்ஜின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது அது திறந்து, பாட்டிலில் இருந்து கூலன்ட்டைத் திரும்ப இழுக்கவேண்டும். அது துருவில் ஒட்டிக்கொண்டால் போனது திரும்பி வராது, ஹோஸ்தான் உள்வாங்கும்.

உங்கள் வண்டியில் இரண்டுமே நடக்கிறது என்று நினைக்கிறேன். பாட்டில் நிரம்பி, ஓடும்போது அதன் வழிகுழாயில் கொட்டுகிறது. நிற்கும் இடத்தில் எப்படிச் சொட்டும்? ஃபேன் ஓடாததற்கும் இதுவே காரணமாகலாம். ஃபேன் சுவிட்ச் ரேடியேட்டரின் மேல்பாதியில் இருந்தால், மட்டம் இறங்கியதும் அது காற்றில் நிற்கும், கூலன்ட்டின் சூடு அதற்குத் தெரியாது. கோளாறு சுவிட்ச் பக்கமா, மோட்டார் பக்கமா என்று பார்க்க, சாவியை ஆன் செய்து சுவிட்சின் இரண்டு வயரை ஒன்றாக இணையுங்கள். ஃபேன் ஓடினால் மோட்டாரும் ஃபியூஸும் நன்றாக இருக்கின்றன. கையைத் தள்ளி வையுங்கள், சில வண்டிகளில் சாவி அணைந்திருந்தாலும் ஃபேன் சுற்றும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே வேண்டாம். துணி போட்டுத் திறக்கலாம் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

நீலத்திரவம்:

நடுவில் ஒரு வார்த்தை. கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு கசிந்தாலும் கூலன்ட் இதே மாதிரி பாட்டிலுக்குத்தான் தள்ளப்படும். அதனால் மூடிதான் என்று முடிவு கட்டும்முன் வாயுச் சோதனை செய்துவிடுங்கள். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதிலுள்ள நீலத் திரவத்தின் வழியாக உள்ளே இருக்கும் காற்றை இழுப்பார்கள். கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். கூலன்ட் குழாய்க்குள் ஏறிவிடாமல் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் திரவம் வீண். 10 நிமிடம் கூட ஆகாத வேலையைச் செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்வது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

பழையவண்டி:

செய்தாயிற்று. வேறொரு இடத்தில் சோதித்தார்கள், நீலம் நீலமாகவே இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். பழைய மூடியின் நடுத்தட்டை நகத்தால் இழுத்தேன், அசையவே இல்லை. சுற்றிலும் செங்கல் நிறத்தில் துரு. வயரை இணைத்ததும் ஃபேன் ஓடியது. புது மூடிக்குச் சொல்லியிருக்கிறேன். பழைய மூடியின் தலையில் 0.9 என்று இருக்கிறது. கடையில் 1.1 தான் உடனே கிடைக்கும் என்கிறார்கள், போடலாமா?

ஸ்பேனர்கை:

வேண்டாம். பழைய ஹோஸும் ரேடியேட்டரும் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கவேண்டுமே. மூடியில் என்ன எண் இருந்ததோ அதே.

டேப்பட்கவர்:

ஆயில் விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்களே.

ஆயில் கீழ்நோக்கியும், ஓடும்போது காற்றடித்துப் பின்நோக்கியும் போகும். அதனால் தெரிகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. முதலில் இன்ஜினை நன்றாகக் கழுவித் துடையுங்கள். காய்ந்ததும் சந்தேகப்படும் ஓரங்களில் முகப்பவுடர் தூவி 20 நிமிடம் ஓட்டுங்கள். டார்ச் அடித்து மிக உயரத்தில் எங்கே பவுடர் நனைந்திருக்கிறது என்று பாருங்கள். கீழே எவ்வளவு நனைந்திருந்தாலும் அதை நம்பவேண்டாம். கிராங்க் பின்சீல் கசிந்தால் ஆயில் கிளட்ச் இருக்கும் கூட்டுக்குள்ளிருந்து, அடியில் இருக்கும் இடைவெளி வழியாக வரும். வெளிச்சுவரில் மேலிருந்து வழிந்திருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஹெட்டின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்தான். கருகல் வாடை வருவதும் அதற்குப் பொருந்துகிறது, ஆயில் புகைபோக்கிக் குழாயில் சொட்டுகிறது.

பேக்கிங் மாற்றும்முன் இன்னொன்று. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் வாயில் ஒரு தாளை வையுங்கள். லேசாக இழுத்துப் பிடித்தால் நல்லது. ஊதித் தள்ளினால், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வோ அதன் குழாயோ அடைத்திருக்கலாம். உள்ளே அழுத்தம் ஏறி, புதுப் பேக்கிங்கையும் தள்ளி வெளியே வரும். இதைப் பார்க்காமல் ஒரே பேக்கிங்கை மூன்று முறை மாற்றியவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கவர் போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்காதீர்கள். இந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் சொல்லியிருப்பார்கள், மானுவலைப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரமாக, இரண்டு சுற்றாக. சிலிகான் பேஸ்ட் மூலைகளில் மட்டும் ஒரு துளி. பிதுங்கி உள்ளே விழுந்தால் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும்.

பழையவண்டி:

தாள் பறந்தே போய்விட்டது! பி.சி.வி. வால்வைக் கழற்றி ஆட்டினேன், சத்தமே இல்லை. புதியது 'கடகட' என்கிறது. குழாய்க்குள் கறுப்புக் களிம்பு. பவுடர் நனைந்தது கவரின் பின்மூலையில், கைக்கு எட்டாத இடம். கண்ணாடியை நீட்டித்தான் பார்க்க முடிந்தது. கிளட்ச் கூட்டின் அடி இடைவெளி காய்ந்திருக்கிறது.

வால்வு, பேக்கிங் இரண்டையும் மாற்றிவிட்டேன். கையோடு கூலன்ட்டும் மாற்றலாம் என்று இருக்கிறேன். இப்போது இருப்பது பச்சை. அதே பச்சை வாங்கினால் போதுமா?

நீலத்திரவம்:

நிறத்தை நம்பாதீர்கள், அது சாயம்தான். மானுவலில் எந்த வகை என்று இருக்கிறதோ அது. வகை தெரியாமல் கலந்தால் துருவைத் தடுக்கும் சக்தி குறையும், சில சமயம் கூழாகவும் உறையும். வடித்து, கழுவி, ஒரே வகையாக நிரப்புங்கள். கலக்க கனிமம் நீக்கிய தண்ணீர். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும்.

நிரப்பும்போது வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவையுங்கள். குளிர்ந்த இன்ஜினில், மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்துவிடுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். காற்றை வெளியேற்ற தனி ஸ்க்ரூ இருந்தால் அதையும் திறக்கவேண்டும். வடித்த பழையதைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் பாழாகிவிடும்.

பின்சீட்டு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் வண்டியிலும் கூலன்ட் குறைகிறது, வெளியே கசிவு இல்லை. ஆனால் முன்கண்ணாடி உள்பக்கம் பிசுபிசுப்பாகப் பனிக்கிறது.

ஸ்பேனர்கை:

டேஷ்போர்டுக்குக் கீழே, கால் வைக்கும் கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டர் கோர், அதாவது வண்டிக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர், கசிகிறது. தனி இழை போடுங்கள், அது பெரிய கதை.

பழையவண்டி:

ஆறு வாரம் ஆயிற்று. நெரிசலில் முள் பாதியைத் தாண்டவில்லை, ஃபேன் தானாக ஓடி நிற்கிறது. பின்மூலை காய்ந்திருக்கிறது. இடையில் ஒரு நாள் குளிர்ந்த காலையில் கீழ் ஹோஸின் கிளாம்பில் மட்டும் ஒரு துளி நின்றது, சூடானதும் காணவில்லை. கிளாம்ப்பை மாற்றினேன், அந்தக் கசிவும் நின்றுவிட்டது. பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஓட்டிவிட்டு வந்தால் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நிற்கும், காலையில் கோட்டுக்கே இறங்கிவிடும். இன்று காலையும் கோட்டில்தான் இருந்தது.