காசி நீர்மூழ்கி: 1971 டிசெம்பர் பத்திரிகைகள் யாரிடமாவது உண்டா?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் மூழ்கிய, பாகிஸ்தானின் காசி நீர்மூழ்கிக் கப்பல் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் ஊரில் போர்க்கப்பல் என்றால் எல்லோருக்கும் 1942இல் மூழ்கிய பிரித்தானியக் கப்பல் ஹேர்மிஸ்தான். காசியும் இலங்கையைச் சுற்றித்தான் வங்காள விரிகுடாவுக்குப் போனது என்பது பலருக்குத் தெரியாது.

1971 நவம்பர் 14 கராச்சியில் இருந்து கிளம்பியது. குறி, இந்தியாவின் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல். அதுவோ அந்தமான் பக்கம் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. டிசெம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காசி வெடித்து மூழ்கியது, ஒருவரும் தப்பவில்லை.

எப்படி வெடித்தது என்பதில்தான் சிக்கல். ராஜ்புத் கப்பல் வீசிய ஆழ்நீர்க் குண்டுகள் என்கிறது இந்தியா. தான் விதைத்த கண்ணிவெடியிலேயே மாட்டியது என்கிறது பாகிஸ்தான். மின்கல அறையில் சேர்ந்த ஹைட்ரஜன் வாயு என்போரும் உண்டு. எனக்கென்னவோ, இந்தியா 9ஆம் திகதி வரை அறிவிக்காமல் இருந்ததுதான் உறுத்துகிறது.

அந்த டிசெம்பர் 4 முதல் 15 வரையான வீரகேசரி, தினகரன் யாரிடமாவது இருக்கிறதா? முதற்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாலே போதும். திகதி தெரியும்படி எடுங்கள், ப்ளீஸ். கடற்படையில் இருந்த பெரியவர்கள் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள், நேரில் போய்ப் பேசுகிறேன். கல்முனை, வாழைச்சேனை எங்கென்றாலும் சரி.