133 அட்டைகளில் 10 அட்டைகளைத் திரும்ப வராமல் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடத்தும் தமிழ் வகுப்புக்காக, திருக்குறள் அதிகாரத்துக்கு ஓர் அட்டை வீதம் 133 அட்டைகள் கொண்ட வலைப்பக்கம் ஒன்றை அமைத்திருக்கிறேன். பட்டனை அழுத்தினால் 10 அட்டைகள் மட்டும் தெரிய வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டின் குவெரிசெலக்டர்ஆல் மூலம் எல்லா அட்டைகளையும் எடுத்து, மேத்.ரேண்டம் தரும் 0 முதல் 1க்குள்ளான எண்ணை 133ஆல் பெருக்கி, மேத்.ஃபுளோர் கொண்டு முழு எண்ணாக்கி, அந்த இடத்து அட்டையைக் காட்டுகிறேன். லூப் 10 முறை ஓடுகிறது. ஆனால் சில வேளைகளில் 9 அல்லது 8 அட்டைகளே தெரிகின்றன. கன்சோலில் பிழை எதுவும் இல்லை. காரணம் என்னவாக இருக்கும்?

பதில் 1:
வணக்கம் ஐயா. ஒவ்வொரு சுற்றிலும் 133 அட்டைகளிலிருந்துமே எடுப்பதால் முன்பு வந்த எண்ணே மறுபடி வர இடமிருக்கிறது. தெரிகிற அட்டையை மீண்டும் காட்டினால் எண்ணிக்கை கூடாது, பிழைச்செய்தியும் வராது. கணக்கிட்டால், 10 எண்களில் ஏதேனும் ஒன்று இரட்டிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 29 விழுக்காடு. குவெரிசெலக்டர்ஆல் தரும் நோட்லிஸ்ட் என்ற பட்டியலுக்கு, வரிசைப்படுத்தும் சார்ட் கிடையாது என்பதால், முதலில் அர்ரே.ஃபிரம் கொண்டு அதை அர்ரேயாக மாற்றுங்கள். பிறகு, மேத்.ரேண்டமிலிருந்து 0.5ஐக் கழித்துத் தரும் ஃபங்ஷனை சார்ட்டுக்குக் கொடுத்துக் கலைத்து, முதல் 10ஐ எடுத்துக்கொள்ளலாம்.

பதில் 2:
அர்ரேயாக மாற்றுவது சரி. சார்ட் கொண்டு கலைப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஒரே இரண்டு உறுப்புகளை எத்தனை முறை ஒப்பிட்டாலும் ஒரே விடை வரும் என்று நம்பியே சார்ட் இயங்குகிறது. விடை மாறிக்கொண்டே இருந்தால் எல்லா வரிசைகளும் சமவாய்ப்போடு வருவதில்லை. 2010இல் ஐரோப்பியப் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் காட்டிய பிரவுசர் தேர்வுத் திரையில் வரிசை ஒருபக்கம் சாய்ந்ததற்கும் இம்முறையே காரணம்.

ஃபிஷர்–யேட்ஸ் என்ற கலைக்கும் முறையைக் கையாளுங்கள். 1938இல் தாளில் செய்வதற்காக வெளிவந்த அதை, 1964இல் டர்ஸ்டன்ஃபெல்டு கணினிக்கு ஏற்றவாறு சுருக்கினார். 'ஐ' என்ற சுற்று எண் 0 முதல் 9 வரை செல்லட்டும். மேத்.ரேண்டமை 133இலிருந்து ஐயைக் கழித்த எண்ணால் பெருக்கி, முழு எண்ணாக்கி, அதனுடன் ஐயைக் கூட்டினால் 'ஜே' கிடைக்கும். ஐ, ஜே இரண்டு இடங்களிலும் உள்ள அட்டைகளை இடம் மாற்றுங்கள். எடுத்த அட்டை முன்னால் ஒதுங்கிவிடுவதால் அடுத்த சுற்றில் அது போட்டியிலேயே இல்லை. கழிப்பதை விட்டுவிட்டால் ஜே எல்லை தாண்டி, அட்டைக்குப் பதில் அன்டிஃபைன்டு (மதிப்பு இல்லை) வரும். அந்த இடத்தில் கவனம் தேவை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இப்போது பத்தும் சரியாக வருகின்றன. ஆனால் இந்த வாரம் வந்த அதிகாரம் அடுத்த வாரமும் வரக்கூடுமே, அதைத் தடுக்க வழியுண்டா?

பதில் 2:
உண்டு. 133ஐயும் ஒரே முறை முழுமையாகக் கலைத்து, அந்த எண் வரிசையையும் எதுவரை காட்டினோம் என்பதையும், பிரவுசரிலேயே தரவை வைத்திருக்கும் லோக்கல்ஸ்டோரேஜில் சேமித்துவையுங்கள். ஒவ்வொரு வாரமும் எல்லா அட்டைகளையும் மறைத்துவிட்டு அடுத்த பத்தைக் காட்டினால், 13 வாரம் முடிந்து 3 அதிகாரங்கள் மீதமிருக்கும். அவற்றையும் காட்டிய பிறகே மறுபடி கலைக்க வேண்டும்.