இன்யோ கவுன்டியில் மனை தேடிப் போனோம்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஓய்வுக்காலத்துக்கு மலையடிவாரத்தில் ஒரு சிறு மனை வாங்கலாம் என்ற ஆசையில், நானும் என் மனைவியும் கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்திலுள்ள இன்யோ கவுன்டிக்குச் சென்றிருந்தோம் (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). 10,000 சதுர மைலுக்கு மேல் பரந்த அந்த நிலப்பரப்பில் 2020 கணக்கெடுப்பின்படி 19,016 பேர்தான் வசிக்கிறார்கள் என்பதால், மனை மலிவாகவே கிடைக்கும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

கவுன்டியின் தலைமையிடமான இண்டிபெண்டன்ஸ், ஆயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். 395ஆம் நெடுஞ்சாலைதான் அதன் கடைத்தெரு. அந்தச் சாலையோரத்தில் பெரிய தூண்களோடு நிற்கும் நீதிமன்றம் ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாதது. இது நான்காவது கட்டடம். முதலாவதை 1872 மார்ச் 26 அன்று நேர்ந்த நிலநடுக்கம் வீழ்த்தியது, இரண்டாவது 1886இல் தீக்கிரையானது. வழக்குகளோடு பத்திரப் பதிவும் சொத்து மதிப்பீடும் இங்கேயே நடப்பதால், நாங்கள் நேராக உள்ளே போய் விசாரித்தோம்.

அங்கிருந்த அம்மையார் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினார். டெத் வேலி தேசியப் பூங்கா, தேசியக் காடு, மற்ற அரசு நிலங்கள் என ஏறத்தாழ முழுவதும் ஒன்றிய அரசின் வண்ணமே நிறைந்திருந்தது. பள்ளத்தாக்கின் நடுவே, ஆற்றை ஒட்டி நீளமாகக் கிடந்த வேறொரு வண்ணத்தைக் காட்டி, அது யாருடையது என்று கேட்டேன். "நீங்கள் எந்த ஊர்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். சொன்னேன். "அப்படியானால் உங்களுடையதுதான்" என்று சிரித்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் இப்பள்ளத்தாக்கின் பண்ணைகளை நீருரிமையோடு ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி, 233 மைல் நீளக் கால்வாயை வெட்டி, 1913 நவம்பர் 5 அன்று ஓவன்ஸ் ஆற்று நீரைத் தன் பக்கம் கொண்டுபோன வரலாறு எனக்கு மேலோட்டமாகத் தெரியும். 1924 நவம்பரில் உள்ளூர் மக்கள் அந்தக் கால்வாயின் அலபாமா மதகைக் கைப்பற்றி, சில நாட்கள் நீரை மீண்டும் ஆற்றில் திருப்பிவிட்டதையும் படித்திருக்கிறேன். ஆனால் அந்த நகரம் இன்றும் இங்கே ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஏக்கருக்கு உரிமையாளர் என்பதும், அந்த நிலத்துக்காக இந்தக் கவுன்டிக்குச் சொத்து வரி செலுத்துகிறது என்பதும் எனக்குப் புதிய செய்திகள். அந்த வரியைக் கணக்கிடும் முறை மாநில அரசியலமைப்பிலேயே இன்யோவின் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதாம். இதே கவுன்டி 1972இல், நிலத்தடி நீரை இறைப்பதற்கு எதிராக அதே நகரத்தின்மீது வழக்கும் தொடுத்தது. உடன்பாடு எட்டியது 1991இல்தான். வரி கட்டுகிறவரே எதிர்வாதியாகவும் இருப்பது விசித்திரமான உறவு.

தனியார் பட்டா நிலம் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மனை வாங்காமல் திரும்பினோம்.

பிஷப்பில் பணிபுரியும் ஓர் உறுப்பினர்:

இந்தக் கவுன்டியில் நகராட்சி உள்ள ஒரே ஊர் பிஷப்தான். ஊரைச் சுற்றிலும் உங்கள் நகரத்தின் நிலம் இருப்பதால் இது விரிய வழியில்லை. வாடகை வீட்டுக்கே நான் மாதக்கணக்கில் அலைந்தேன். ஜூரி கடமைக்காக, அதாவது வழக்கில் தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழுவுக்கான அழைப்பின்பேரில், அதே நீதிமன்றத்துக்கு நாற்பது மைல் ஓட்டிச் சென்றபோது அதைத் தொலைவென்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். அருகில் அமர்ந்திருந்த பெண்மணியோ தென்கிழக்கு மூலையிலுள்ள டெகோப்பாவிலிருந்து, கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் டெத் வேலியைக் கடந்து, மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டி வந்திருந்தார். நண்பகலில் இருவரையும் வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள்.

மற்றோர் உறுப்பினர்:

அந்த வரைபடத்தில் பிஷப், பிக் பைன், லோன் பைன் ஆகிய ஊர்களை ஒட்டிச் சிறு திட்டுகளும் இருந்திருக்கும். அவை பையூட் பழங்குடியினரின் நிலங்கள். 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி லாஸ் ஏஞ்சலிஸுடன் நடந்த நிலப் பரிமாற்றத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை. நிலம் கைமாறியது, நீருரிமையை மட்டும் அப்போது தீர்க்காமல் விட்டுவிட்டார்கள். சென்ற கோடையில் பிக் பைனில் நான் சந்தித்த முதியவர் ஒருவர், மனை விலையைப் பற்றி நான் கேட்ட எதற்கும் விடை சொல்லாமல், அந்த நீரைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார்.